எவர்கிரீன் செமட்ரி வாக் ரிவ்யூ: டிக்கெட் வாங்கி கல்லறைக்குப் போய் நாடகம் பாத்தோம்

நேரா விஷயத்துக்கு வரேன். இலினாய்ஸ்ல ப்ளூமிங்டன், நார்மல் பக்கம் குடியிருக்கறவங்க, இல்ல பியோரியா, ஷாம்பெய்ன், ஸ்ப்ரிங்ஃபீல்டுல இருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்ட சலிச்சுக்காதவங்க, செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பத்துல ஒரு வீக்கெண்ட இதுக்குன்னு ஒதுக்கிடுங்க. எவர்கிரீன் செமட்ரி வாக்னு பேரு. 1995ல இருந்து நடக்குது. மெக்லீன் கவுண்டி வரலாற்று மியூசியம் நடத்தறது. 5க்கு நாலரை குடுக்கறேன், அந்த அரை மார்க் ஏன் போச்சுன்னு கீழ சொல்றேன், அது நடத்தறவங்க மேல இருக்கற குறை இல்ல.

என்ன விஷயம்னா, எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்துல நிஜமாவே புதைக்கப்பட்டிருக்கற ஆளுங்கள்ல சில பேர வருஷத்துக்கு ஒரு செட்டா எடுத்துக்கிட்டு, நடிகருங்க அந்தக் காலத்து டிரஸ் போட்டுக்கிட்டு வெட்டவெளியில, கல்லறைங்களுக்கு நடுவுல நின்னு "நான் தான் இன்னார்"னு அவங்க கதைய அவங்களே சொல்ற மாதிரி நடிப்பாங்க. நாம கைடு பின்னாடி கும்பலா ஒவ்வொரு இடமா நடந்து போய் நின்னு பாக்கணும். ஒரு ஆளுக்கு சில நிமிஷம் தான். அப்புறம் அடுத்த கல்லறை. அவ்ளோ தான் ஃபார்மேட்டு. கேக்கறப்போ சப்புனு இருக்குல்ல, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, எங்க வீட்டுக்காரரு தான் ஆஃபீஸ்ல யாரோ சொன்னாங்கன்னு டிக்கெட் போட்டுட்டாரு.

இந்த ஊர்ல நம்மாளுங்க எக்கச்சக்கம் பேரு இருக்கோம், ஏன்னு எல்லாருக்கும் தெரியும், ஸ்டேட் ஃபார்ம் ஹெட் ஆஃபீஸ் இங்க இருக்கு, பாதி பேரு அங்க கான்ட்ராக்ட்ல வந்து இறங்கினவங்க. வந்து, அபார்ட்மென்ட் எடுத்து, அப்புறம் வீடு வாங்கி, புள்ளைங்கள ஸ்கூல்ல சேத்து, பொங்கலுக்கு தமிழ் சங்கத்துல கூடி, வருஷங்கள் ஓடிடுது. ஆனா இந்த ஊரு யாரோடது, நமக்கு முன்னாடி இங்க யாரு இருந்தா, என்ன பண்ணாங்கன்னு கேட்டா சோளக்காடும் இன்சூரன்ஸும் தவிர ஒண்ணும் சொல்லத் தெரியாது. ஃபெல் அவென்யூ, டேவிஸ் மேன்ஷன்னு ரோட்டு போர்டுல தினமும் பேரு பாக்கறோம், யாருன்னே தெரியாம. அந்த ஆளுங்கெல்லாம் தான் இங்க படுத்திருக்காங்க.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இது பேய் டூர் இல்ல. ஹாலோவீன் சமயத்துல வேற ஊர்ல ஒரு கல்லறை டூருக்கு போய் ஏமாந்த அனுபவம் எங்களுக்கு உண்டு, பேரு வேணாம், பிளாஸ்டிக் எலும்புக்கூடு, புகை மெஷின், திடீர்னு மரத்துக்கு பின்னாடி இருந்து ஒருத்தன் கத்திக்கிட்டு ஓடி வரான், சின்னவ அழுது ராத்திரி தூங்கவே இல்ல, சரி கதையாச்சும் சொல்வாங்கன்னு பாத்தா எந்த ஊர்ல வேணாலும் சொல்லலாம் போல ஒரு வெள்ளைச் சேலை கதை, அதுக்கு தலைக்கு அவ்ளோ காசு. இங்க அதெல்லாம் கிடையாது. பட்டப்பகல். வெயில். புல்வெளி. பெரிய பெரிய மரம். அணில் ஓடுது. ஸ்கூல் புள்ளைங்கள வார நாள்ல பஸ்ல கூட்டிட்டு வந்து காட்டுற அளவுக்கு சாதுவான சமாச்சாரம்.

அப்படியும் எங்க வீட்ல ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. அத்தை அப்ப ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. அவங்களுக்கு செஞ்சி பக்கம். கல்லறைக்கு போறோம்னு சொன்னதும், "ஏம்மா, காசு குடுத்து யாராச்சும் சுடுகாட்டுக்கு போவாங்களா, அதுவும் புள்ளைங்கள இட்டுக்கினு"ன்னு ஆரம்பிச்சாங்க. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, "அத்தை, அங்க வேஷம் கட்டி நடிப்பாங்களாம், சும்மா வந்து பாருங்க"ன்னேன். வேஷம்னதும் அவங்க முகம் மாறிடுச்சு. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மாசி மாசம் சிவராத்திரி கழிச்சு அமாவாசைக்கு மயானக் கொள்ளை நடக்கும்ல, காளி வேஷம் கட்டிக்கிட்டு ஊரே சுடுகாட்டுக்கு போகும், அதெல்லாம் பாத்து வளர்ந்தவங்க. "அப்ப சரி, எங்க ஊர்ல இல்லாததா"ன்னு செருப்ப மாட்டிக்கிட்டு கிளம்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து தலைக்கு குளிக்கணும்னு கண்டிஷன் மட்டும் போட்டாங்க. ஓகேன்னுட்டோம்.

சரி, நடிப்புக்கு வருவோம். எனக்கு ரொம்ப பிடிச்சது ஓல்ட் ஹாஸ் ராட்போர்ன். சார்லஸ் ராட்போர்ன்னு பேரு, ஓல்ட் ஹாஸ் பட்டப்பேரு, கிழட்டுக் குதிரைன்னு வச்சுக்கலாம். பேஸ்பால் பிட்சர், அதாவது பந்து வீசறவரு. எனக்கு பேஸ்பால் சுத்தமா தெரியாது, எங்க வீட்டுக்காரருக்கும் தெரியாது, பெரியவன் மட்டும் கொஞ்சம் விளையாடுவான். ஆனாலும் அந்த நடிகர் பேச ஆரம்பிச்சதுல இருந்து எங்க யாருக்கும் கண்ணு நகரல. கெட்டியான கம்பளிச் சட்டை, அந்தக் காலத்து பேஸ்பால் யூனிஃபார்ம், கழுத்து வரைக்கும் பட்டன், செப்டம்பர் வெயில்ல நெத்தியில இருந்து வியர்வை கோடு கோடா இறங்குது, அத துடைக்கவே இல்ல அந்த மனுஷன், கையில ஒரு பழைய பந்த விரலுக்கு விரல் மாத்தி உருட்டிக்கிட்டே பேசறாரு. பேச்சு சூடாக சூடாக பந்து வேகமா உருளுது. கடைசியில நின்னுடுச்சு. அத யாரும் சொல்லிக் குடுத்திருப்பாங்களான்னு தெரியல, நான் அந்தக் கையவே தான் பாத்துட்டு இருந்தேன்.

கதை என்னன்னா, 1884ல பிராவிடன்ஸ் டீம்ல ஆடறாரு. டீம்ல இருந்த இன்னொரு நல்ல பிட்சர் சீசன் பாதியில சண்டை போட்டுக்கிட்டு போயிடறான். டீமையே கலைச்சுடலாமான்னு முதலாளிங்க பேசறாங்க. அப்ப இவரு, மிச்ச மேட்ச் எல்லாம் நானே போடறேன், ஆனா எனக்கு காசு கூட்டிக் குடுங்க, சீசன் முடிஞ்சதும் என்ன கட்டிப் போடாம விட்டுடுங்கன்னு டீல் பேசறாரு. சொன்ன மாதிரியே கிட்டத்தட்ட எல்லா மேட்சும் போட்டாரு. அந்த ஒரே சீசன்ல 59 வெற்றி, சில கணக்குப்படி 60, இன்னிக்கு வரைக்கும் அத யாரும் தாண்டல, இனிமே தாண்டவும் மாட்டாங்க. நமக்கு புரியற மாதிரி சொன்னா, ஒரே பௌலர் ஒரு எண்ட்ல இருந்து சீசன் பூரா ஓவர் போட்டுக்கிட்டே இருக்கற மாதிரி. கை மேல தூக்க முடியாம தலை வாரக்கூட முடியலன்னு சொல்வாங்க, நடிகர் அத நடிச்சுக் காட்டினப்போ எனக்கே தோள் வலிச்சுது.

அதுக்கப்புறம் தான் நிஜமான கதை. ஆட்டம் முடிஞ்சு ப்ளூமிங்டனுக்கு திரும்பி வந்து பில்லியர்ட்ஸ் டேபிளோட ஒரு சலூன் நடத்தறாரு, சலூன்னா முடி வெட்டற கடை இல்லங்க, சாராயக்கடை. வேட்டைக்கு போன இடத்துல துப்பாக்கி வெடிச்சு ஒரு கண்ணு போயிடுது, முகம் கோணிப் போச்சு. அப்புறம் தன்னோட கடையிலயே பின்னாடி ரூம்ல இருட்டுல உக்காந்துக்கிட்டு யார் முகத்துலயும் முழிக்காம இருந்து, 1897ல செத்துப் போறாரு, 42 வயசு. 1939ல தான் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல பேரு ஏத்தறாங்க. இந்தக் கடைசிப் பகுதிய நடிகர் நம்ம பக்கம் பாக்காம முகத்த பாதி திருப்பிக்கிட்டே சொன்னாரு. அத்தைக்கு இங்கிலீஷ் அரைகுறை தான். ஆனா, "பாவம், கண்ணு போச்சா இவனுக்கு"ன்னு கேட்டாங்க. யாரும் மொழிபெயர்த்து சொல்லல. கூத்து பாத்தே வளர்ந்த கண்ணு.

ஒரு சைடு விஷயம். கேமரா முன்னாடி நடுவிரல காட்டினதா தெரியற மிகப் பழைய போட்டோல இருக்கறது இவரு தான்னு சொல்றாங்க, 1886ல எடுத்த டீம் போட்டோ. ஸ்கூல் புள்ளைங்க வர்ற நிகழ்ச்சின்றதாலயோ என்னவோ அத அங்க தொடல, நான் வீட்ல வந்து தேடிப் பாத்துட்டு பெரியவன் கிட்ட இருந்து லேப்டாப்ப மூடி வச்சேன்.

அடுத்தது டேவிட் டேவிஸ். மேன்ஷன் டேவிஸ், அவரே தான். ஆள் 300 பவுண்டுக்கு மேல இருந்தவரு. ஜட்ஜா இருந்தப்போ ஊர் ஊரா குதிரை வண்டியில போய் கோர்ட் நடத்தணும், கூடவே வக்கீலுங்க கூட்டம் போகும், அதுல ஒருத்தர் லிங்கன். சத்திரத்துல வக்கீலுங்கெல்லாம் ஒரே கட்டில்ல ரெண்டு மூணு பேரா நெருக்கிப் படுப்பாங்களாம், டேவிஸ் சைஸுக்கு மட்டும் தனிக் கட்டில். இந்த நட்பு தான் பின்னாடி 1860ல சிகாகோவுல நடந்த கட்சி மாநாட்டுல லிங்கன பிரசிடெண்ட் வேட்பாளரா ஆக்கறதுக்கு டேவிஸ் ராத்திரி பகலா வேலை பாக்கற வரைக்கும் போச்சு. லிங்கன் ஜெயிச்சு 1862ல இவர சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆக்கினாரு. லிங்கன் செத்தப்புறம் அவரு சொத்து கணக்க பாத்துக்கிட்டதும் இவரு தான். சின்னவ சத்தமா, "அந்த வயிறு நிஜமா, தலகாணியா"ன்னு தமிழ்ல கேட்டா. நல்லவேளை தமிழ்ல கேட்டா.

இங்க தான் நான் அந்த அரை மார்க்க குறைச்சேன். இந்த "நானே என் கதைய சொல்றேன்"ன்ற ஃபார்மேட்டுக்கு ஒரு அளவு இருக்கு. 1876 பிரசிடெண்ட் எலெக்‌ஷன் யாரு ஜெயிச்சாங்கன்னே முடிவாகாம இழுத்துச்சு, ஹேய்ஸா டில்டனான்னு தீர்க்க 15 பேர் கமிஷன் போட்டாங்க, 7 இந்தக் கட்சி, 7 அந்தக் கட்சி, நடுவுல ஒருத்தர், அது டேவிஸா தான் இருக்கும்னு எல்லாரும் நெனச்சாங்க. அந்த நேரம் பாத்து இலினாய்ஸ் சட்டசபை இவர செனட்டுக்கு தேர்ந்தெடுத்துடுச்சு, இவரும் ஜட்ஜ் வேலைய விட்டுட்டு செனட்டுக்கு போயிட்டாரு. அந்த இடத்துக்கு வேற ஜட்ஜ் வந்து, 8க்கு 7ன்னு ஹேய்ஸ் பிரசிடெண்ட். உள்நாட்டுப் போருக்கு அப்புறம் தெற்கு மாநிலங்கள்ல இருந்த ராணுவக் காவல் போச்சு, அங்க கறுப்பின மக்களுக்கு அடுத்த முக்கால் நூற்றாண்டு என்ன நடந்துச்சுன்னு உலகத்துக்கே தெரியும். இவ்ளோ பெரிய விஷயத்த ஒரு ஆளு தன் வாயால சொல்றப்போ என்ன பண்ணுவாரு, என் மனசாட்சிப்படி நடந்தேன்னு தான் சொல்லுவாரு. செத்தவருக்கு அப்புறம் நடந்தது தெரியாது. தன்ன தானே திட்டிக்கவும் முடியாது. குறுக்க கேள்வி கேக்க ஒரு கட்டியங்காரன் இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு, கூத்துல வருவானே, ராஜாவையே "என்னய்யா பெருசா பேசுற"ன்னு மடக்குவானே, அந்த மாதிரி. அத்தை கிட்ட இத சொன்னப்போ, "ஆமா, அவன் இல்லாம எப்டி கூத்து"ன்னு ஒரே போடா போட்டாங்க.

ஜெஸ்ஸி ஃபெல் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். நார்மல் டவுன உருவாக்கினவரு, ப்ளூமிங்டனோட முதல் வக்கீல், ஊர் பேப்பர் பான்டாகிராஃபோட ஆதி வடிவத்த 1837ல ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், 1857ல இலினாய்ஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டி இங்க வர்றதுக்கு ஓடியாடி காசு சேத்தவரு, ஆயிரக்கணக்குல மரம் நட்டவரு. மொட்டைப் புல்வெளியா கிடந்த இடம்ங்க இது, இன்னிக்கு நார்மல்ல நிழல்ல கார் நிறுத்தறோம்னா அந்த பழக்கத்த ஆரம்பிச்சு வச்சது இவரு. 1859ல லிங்கன் கிட்ட, உன்ன பத்தி வெளியூர்க்காரனுக்கு ஒண்ணும் தெரியாதுய்யா, சுருக்கமா எழுதிக் குடுன்னு நச்சரிச்சு வாங்கினாரு, லிங்கனும் எழுதிட்டு, இதுல பெருசா ஒண்ணும் இல்ல, ஏன்னா என்கிட்டயே பெருசா ஒண்ணும் இல்லன்ற மாதிரி ஒரு வரி சேத்து அனுப்பினாரு. நம்ம ரெஸ்யூம் எழுதறவங்க கத்துக்கலாம். ஆள் மதுவுக்கு பரம எதிரி, நார்மல்ல சாராயம் விக்கக் கூடாதுன்னு ஊர் சாசனத்துலயே எழுதி வச்சுட்டாரு, 1970கள் வரைக்கும் அது அப்படியே இருந்துச்சு. ராட்போர்ன் சலூன் போட்ட ஊரும், ஃபெல் சாராயத்த தடுத்த ஊரும் ஒரே ரோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம். இப்ப ரெண்டு பேரும் ஒரே தோட்டத்துல. இத எல்லாம் யாரும் முடிச்சு போட்டு சொல்லல, நடந்து போறப்போ நமக்கே தோணுது, அது தான் இந்த வாக்கோட அழகு.

ஃபெல்லோட கொள்ளுப்பேரன் தான் அட்லாய் ஸ்டீவன்சன். அவரும் இங்க தான் இருக்காரு. 1952, 1956 ரெண்டு தடவையும் பிரசிடெண்ட் தேர்தல்ல ஐசனோவர் கிட்ட தோத்தவரு, 1962 கியூபா ஏவுகணை விவகாரத்துல ஐநா சபையில ரஷ்யா தூதர மடக்கி பிடிச்சவரு. அவரோட தாத்தா, அதே பேரு, 1893ல இருந்து 1897 வரைக்கும் துணை ஜனாதிபதி, அவரும் இங்கயே. இவ்ளோ பெரிய ஆளுங்க ஒரு சின்ன ஊர்ல படுத்திருக்காங்கன்னு எனக்கு சத்தியமா தெரியாது.

ஆனா பெரிய ஆளுங்கள மட்டும் வச்சு நடத்தினா நான் இவ்ளோ நீட்டி முழக்கியிருக்க மாட்டேன். பேரு சொன்னா இந்த ஊர்லயே யாருக்கும் தெரியாத ஆளுங்களையும் எடுக்கறாங்க. குடியேறி வந்தவங்க, கடை வச்சவங்க, வாத்தியாருங்க, வேலைக்காரங்க. நாங்க பாத்ததுல ஒரு அம்மா, ஏப்ரன் கட்டிக்கிட்டு, 1900 ஜூன்ல டவுன்டவுன் எரிஞ்ச கதைய சொன்னாங்க. நடுராத்திரி ஒரு சலவைக் கடையில பிடிச்ச தீ, கோர்ட் கட்டிடத்தையும் சேத்து பிளாக் பிளாக்கா தின்னுட்டு போச்சு. அவங்க கதையில ஹீரோ யாரும் இல்ல, வாளி தண்ணி, ஈரப் போர்வை, பக்கத்து வீட்டுக்காரன் பியானோவ தெருவுக்கு இழுத்தது, விடிஞ்சப்புறம் யாரு யாருக்கு காபி போட்டுக் குடுத்தா, அவ்ளோ தான். கதைய முடிச்சுட்டு ஏப்ரன்ல கைய துடைச்சுக்கிட்டு அவங்க பாட்டுக்கு திரும்பிட்டாங்க. கைதட்டறதா வேணாமான்னு கூட்டத்துக்கே ஒரு செகண்ட் தெரியல. இன்னிக்கு அந்த மியூசியம் இருக்கறது தீக்கு அப்புறம் கட்டின புது கோர்ட் கட்டிடத்துல தான், டவுன்டவுன்ல பெரிய டோம் வச்சு நிக்குதே, அது.

இத எப்படி எழுதறாங்கன்னா, மியூசியத்துல இருக்கறவங்க பழைய பேப்பர், கடிதம், சென்சஸ், கோர்ட் ரெக்கார்டுன்னு நோண்டி எடுத்து, அத வச்சு ஸ்கிரிப்ட் எழுதி, ஊர்ல இருக்கற நாடகக்காரங்கள வச்சு பண்றாங்க. அதனால தான் சும்மா பொத்தாம்பொதுவா அந்தக் காலத்துல வாழ்க்கை கஷ்டம்னு பேசாம, எந்தத் தெரு, எந்தக் கடை, என்ன வெலைன்னு வருது. இது வரைக்கும் வேஷமா வந்த ஆளுங்களோட வாழ்க்கைக் குறிப்பு நெறைய மியூசியம் சைட்ல போட்டு வச்சிருக்காங்க. புள்ளைங்க ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு அள்ளிக்கலாம்.

முடிச்சுட்டு நாங்க உடனே கிளம்பல. டோரதி கேஜ் கல்லறைய தேடிப் போனோம், நாங்க போன தடவை அந்த ஸ்டாப் இல்ல. 1898 ஜூன்ல பொறந்து நவம்பர்ல போயிடுச்சு அந்தக் குழந்தை, அஞ்சே மாசம். ஓஸ் மந்திரவாதி கதை எழுதின ஃபிராங்க் பாமோட மனைவி மாட் இருக்காங்களே, அவங்களோட அண்ணன் பொண்ணு இது. சாவுக்கு வந்துட்டு போன மாட் ரொம்ப உடைஞ்சு போயிட்டாங்க, அவங்கள தேத்தறதுக்கு தான் பாம் தன் கதாநாயகிக்கு டோரதின்னு பேரு வச்சாருன்னு சொல்றாங்க, 1900ல புத்தகம் வந்துச்சு. இந்தக் கல்லறை யாருக்கும் தெரியாம ரொம்ப வருஷம் கிடந்து 1996ல தான் திரும்ப கண்டுபிடிச்சாங்க. பழைய கல்லு தேஞ்சு போனதால, அந்தக் கதைய வச்சு எடுத்த 1939 படத்துல மஞ்ச்கின்ற குட்டி மனுஷனா நடிச்ச மிக்கி கேரல்ன்றவரு புதுக் கல்லு செஞ்சு குடுத்தாரு, அவரு குடும்பத் தொழிலே கல்லறைக் கல்லு தான். அத்தை அந்த கல்லு முன்னாடி கொஞ்ச நேரம் நின்னாங்க. கீழ யாரோ வச்சிட்டு போன பொம்மைங்க கிடந்துச்சு. சின்னவ தன் ஹேர் கிளிப்ப கழட்டி வைக்கப் பாத்தா, "வேணாம்டா கண்ணு, நம்ம பூ எடுத்துட்டு வந்து வைக்கலாம்"னு அத்தை கைய பிடிச்சுக்கிட்டாங்க. "ஆயா, அந்த பாப்பா இப்ப எங்க"ன்னு அவ கேட்டதுக்கு நாங்க யாரும் பதில் சொல்லல, பெரியவன் தான், கதையில வர்ற டோரதியோட ஊரான கன்சாஸ்னு சொல்லி சமாளிச்சான்.

இப்ப உபயோகமான சமாச்சாரம். டிக்கெட்ட முன்னாடியே வாங்கிடுங்க, மியூசியம் சைட்ல போடுவாங்க, ரேட் அங்கயே பாத்துக்கோங்க, நான் குடுத்தத சொன்னா அடுத்த வருஷம் என்ன திட்டுவீங்க. ஷூ போடுங்க. புல்லு, மேடு பள்ளம், மரத்து வேர், அத்தை செருப்போட தடுமாறினாங்க. ஸ்ட்ரோலர் உருட்டறது கஷ்டம், கைக்குழந்தைன்னா கேரியர்ல கட்டிக்கோங்க. வயசானவங்களுக்கு மடக்கு சேர் ஒண்ணு தூக்கிட்டு போறது புத்திசாலித்தனம், ஒவ்வொரு ஸ்டாப்லயும் நிக்கணும், ரெண்டு மணி நேரம்னு மனசுல வச்சுக்கோங்க. அந்த சீசன்ல இங்க வெதர் எப்படின்னு தெரியும்ல, காலைல ஜாக்கெட், மத்தியானம் வியர்வை. தண்ணி பாட்டில் மறக்காதீங்க. அப்புறம் முன்னாடி போய் நில்லுங்க, நம்மாளுங்க கூச்சப்பட்டு கடைசி வரிசையில ஒதுங்குவோம், அங்க நின்னா காத்துல பாதி வசனம் போயிடும், அதோட முகம் பாக்கலன்னா இதுல ஒண்ணுமே இல்ல.

புள்ளைங்க வயசு பத்தி கேப்பீங்க. எட்டு ஒன்பது வயசுக்கு மேல தாராளமா போகலாம். அதுக்கு கீழன்னா ரெண்டு மூணு ஸ்டாப் தாண்டினதும் பசிக்குதுன்னு ஆரம்பிச்சுடும், எங்க சின்னவளுக்கு டேவிஸ் வயிறும் டோரதி கல்லறையும் தவிர எதுவும் ஞாபகம் இல்ல. பேச்சுல அந்தக் காலத்து இங்கிலீஷ், அமெரிக்க அரசியல் பேரு எல்லாம் வரும், புதுசா வந்த பெத்தவங்கள கூட்டிட்டு போனா முந்தின நாள் ராத்திரி ஒரு பத்து நிமிஷம் கதைய தமிழ்ல சொல்லி வச்சுடுங்க. நான் கார்ல போறப்போ லிங்கன் பேரு மட்டும் சொல்லி வச்சேன், அதுவே போதுமானதா இருந்துச்சு, அத்தைக்கு ஃபெல் மட்டும் புரியல, மரம் நட்டவருன்னு சொன்னதும் சரின்னாங்க.

அட்லாண்டா பக்கம் இருக்கறவங்க இதே மாதிரி ஓக்லேண்ட் கல்லறைத் தோட்டத்துல அக்டோபர்ல நடக்கறத பாக்கலாம், அங்கயும் வேஷம் கட்டி அங்க புதைஞ்சவங்க கதைய சொல்வாங்க, ஆனா அது சாயங்கால இருட்டுல, ஹாலோவீன் சாயல் கொஞ்சம் தூக்கல்னு அங்க இருக்கற ஃப்ரெண்ட் சொன்னா. நான் போனதில்ல, அதனால மார்க் போடல.

ஆளுங்க வருஷா வருஷம் மாறுவாங்க, நான் சொன்ன ராட்போர்ன நீங்க போறப்போ பாப்பீங்கன்னு கேரண்டி இல்ல. லிஸ்ட்ட பாத்துட்டு, தெரிஞ்ச பேரு இல்லையேன்னு விட்டுடாதீங்க, தெரியாத பேரு ஜாஸ்தி இருக்கற வருஷமா பாத்து போங்க. வீட்டுக்கு வந்து தலைக்கு குளிக்கறது அவங்கவங்க விருப்பம், எங்க வீட்ல எல்லாரும் வரிசையா குளிச்சோம், ஹீட்டர்ல கடைசி ஆளுக்கு வெந்நீர் இல்ல.